பில்லியர்ட்ஸ் கியூவில் அடித்த லாக்கர் வெளுக்கிறது, உரிகிறது: வழி சொல்லுங்கள்

வேளச்சேரி கடைசல்:

அனைவருக்கும் வணக்கம். எட்டுப்பந்து ஆட்டத்துக்கு, இரண்டு துண்டாகக் கழற்றக்கூடிய கியூ (பந்தை அடிக்கும் கோல்) ஒன்றைக் கையால் செய்துவருகிறேன். பிடிக்கும் அடிப்பாகம் ஈட்டி மரம். அதில் மேப்பிள் கூர்முனைகளை இழைத்துப் பதித்திருக்கிறேன். முன்பாகம் முழுக்க மேப்பிள். கடைசல் முடித்து, 400 எண் உப்புத்தாள் வரை தேய்த்து, அடிப்பாகத்துக்கு மட்டும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரை ஸ்பிரே செய்தேன். சென்னையில் இப்போது விடாத மழை. அடித்த சில நிமிடங்களிலேயே பரப்பு பால் நிறமாக வெளுத்துவிட்டது.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஈட்டியின் மேல் நகத்தால் கீறினால் லாக்கர் செதில் செதிலாக உரிகிறது. மேப்பிளின் மேல் அப்படி இல்லை. ஆனால், கூர்முனைகளின் ஓரத்தில் ஊதா கலந்த பழுப்புக் கறை ஏறியிருக்கிறது.

இன்னும் இரண்டு கோட் அடித்தால் சரியாகுமா, அல்லது மழை விடும்வரை காத்திருக்க வேண்டுமா? நல்ல ஈட்டி கிடைப்பது அரிது. இந்தத் துண்டைக் கெடுத்துவிட எனக்கு மனமில்லை.

காரைக்குடி பாலிஷ் பட்டறை:

தம்பி, இதன் மேல் இனி ஒரு கோட்கூட அடிக்காதீர்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும்.

தின்னர் ஆவியாகும்போது மரத்தின் பரப்பைக் குளிர்விக்கிறது. 27 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், பரப்பு மூன்று டிகிரி குளிர்ந்தாலே காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும். அந்த ஈரம்தான் உங்களுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. வேகமாக உலரும் தின்னர் என்றால் கேடு இன்னும் அதிகம். மழைக்காலத்தில் தின்னரோடு, உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்தே தீர வேண்டும். மெதுவாக உலர்வதால் பரப்பும் அவ்வளவு குளிர்வதில்லை. கம்ப்ரசரில் தண்ணீர் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது ஒரு சோதனை. வெளுத்த இடத்தில் பஞ்சால் துளி தின்னர் தொட்டு வையுங்கள். வெண்மை கரைந்து மரம் தெளிவாகத் தெரிந்தால் அது ஈர வெளுப்பு. என்சி லாக்கர் தன் தின்னரிலேயே மறுபடி இளகும் என்பதால் இதற்கு மருந்து உண்டு.

வேளச்சேரி கடைசல்:

மிக்க நன்றி ஐயா, உடனே செய்து பார்த்தேன். பெரும்பாலான இடங்களில் வெண்மை மறைந்துவிட்டது. ஆனால், இரண்டு பாகங்களும் திருகிச் சேரும் பித்தளை வளையத்துக்கு அருகே, ஈட்டியின் மேல் ஒரு பட்டை மட்டும் அப்படியே நிற்கிறது. கூர்ந்து பார்த்தால் அது பால் வெள்ளையாக இல்லை. வெள்ளி போல மின்னுகிறது. கியூவைச் சாய்க்கச் சாய்க்க அந்த மினுக்கமும் நகர்கிறது.

கோவை கியூ பிரியன்:

அந்த மினுக்கத்தைக் கவனித்தது மிக நல்லது. அது ஈரமே அல்ல. லாக்கர் படலம் மரத்தை விட்டு எழும்பி, இடையில் காற்று புகுந்திருக்கிறது. அந்தக் காற்றுதான் ஒளியைத் திருப்பி மின்னுகிறது. தின்னர் தொட்டால் இது முழுதாகத் தீராது. உங்களுக்கு வந்திருப்பவை இரண்டு வேறு நோய்கள். இரண்டும் வெள்ளையாக இருப்பதால் ஒன்றாகத் தோன்றுகின்றன.

எழும்பியதற்குக் காரணம் ஈட்டியின் எண்ணெய்ப் பசை. ரோஸ்வுட் வகை மரங்களில் இது உண்டு. அவற்றில் ஒன்றான கொக்கபோலோவில் மிக அதிகம். தேய்த்துவிட்டு மரத்தைச் சும்மா வைத்திருந்தால் எண்ணெய் மெல்லப் பரப்புக்கு வந்துவிடும். ஆகவே அடிப்பாகத்தின் லாக்கரை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஒட்டுப்போட்டால் ஓரம் தெரியும். பிறகு அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல், எண்ணெய் மேலே வராதபடி ஒரு தடுப்புக் கோட் கொடுங்கள்.

துடைக்கும் விதம் முக்கியம். ஈட்டியின் நிறம் அசிட்டோனிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். உங்கள் கறை அப்படித்தான் தின்னரில் வந்திருக்கும். முதலில் மேப்பிள் கூர்முனைகளைத் துடையுங்கள், பிறகு ஈட்டியை. ஈட்டியில் பட்ட துணியை மேப்பிள் பக்கம் கொண்டுபோகவே கூடாது. உப்புத்தாள் தூளும் அதே வேலையைச் செய்யும். கையால் தட்டாமல் காற்றடித்து ஊதிவிடுங்கள்.

தடுப்புக் கோட்டுக்கு மெழுகு நீக்கிய அவலரக்கு (ஷெல்லாக்) போல ஒன்றில்லை என்பது என் உறுதியான கருத்து. 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 12 கிராம் அளவில் நீர்க்கக் கரைத்து, முதல் கோட்டை ஸ்பிரேயாக, ஈரம் ஓடாமல் தூவுங்கள். துணியால் தேய்த்தால் நிறம் மறுபடி மேப்பிளுக்குப் பரவும்.

காரைக்குடி பாலிஷ் பட்டறை:

அவலரக்கை நாங்களே தெளிய வைப்போம். ஸ்பிரிட்டில் கரைத்துக் கண்ணாடிப் புட்டியில் அசைக்காமல் வைத்தால் மெழுகு அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கலந்த மலிவு ஸ்பிரிட் வேண்டாம். அதில் அரக்கும் வெளுக்கும்.

திருச்சி மரவேலை:

இதற்கு என்சி எதற்கு? கார் வண்டிகளுக்கு அடிக்கும் இரு கலவை பியு (பாலியூரித்தேன்) அடித்துவிடுங்கள். ஸ்னூக்கர் கியூக்களுக்கு லின்சீட் எண்ணெய் தேய்ப்பார்களே, அதுவும் எளிது.

கோவை கியூ பிரியன்:

ஆஷ் மரத்தில் செய்யும் ஸ்னூக்கர் கியூவுக்கு எண்ணெய் அழகாகப் பொருந்தும். இங்கே ஈட்டியோ தன் எண்ணெயாலேயே தொல்லை தருகிறது. மேப்பிள் கூர்முனையும் எண்ணெய் குடித்தால் மஞ்சளாகும்.

பியு உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால், அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால் பிறகு சிறிதளவே போதும், மூச்சு திணறும். வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அதை அடிக்காதீர்கள். துணி முகக்கவசம் எதற்கும் உதவாது. என்சியும் எளிதில் தீப்பற்றும். ஓடும் லேத் மோட்டாருக்குப் பக்கத்தில் ஸ்பிரே செய்ய வேண்டாம். கியூவைத் தனியே தொங்கவிட்டு அடியுங்கள்.

வேளச்சேரி கடைசல்:

அப்படியானால் என்சியிலேயே நிற்கிறேன். லாக்கரை எடுத்துவிட்டு, அவலரக்கு வரை இப்போது முடித்துக்கொள்கிறேன். மழை ஓய்ந்து காற்று உலர்ந்த பிறகு லாக்கர் அடிக்கிறேன். இரண்டு சந்தேகங்கள் மீதம்: முன்பாகத்துக்கும் அதே லாக்கர் அடிக்கலாமா? கடைசியில் பளபளப்பு ஏற்றத் தேய்ப்பது எப்போது?

காரைக்குடி பாலிஷ் பட்டறை:

முன்பாகம் விரல்களுக்கு நடுவே வழுக்கி ஓட வேண்டியது. கனமாக லாக்கர் ஏறினால் வியர்வைக் கையில் பிடித்துக்கொள்ளும். மெல்லிய சீலர் ஒன்று, அதை 600-இல் தேய்த்துக் கொஞ்சம் மெழுகு. அதற்கு மேல் வேண்டாம்.

பளபளப்புக்கு அவசரப்படாதீர்கள். மேலே காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே தின்னர் நிற்கும். அந்த நிலையில் தேய்த்துவிட்டால், பிறகு லாக்கர் சுருங்கி ஈட்டியின் நரம்புக் குழிகள் ஒவ்வொன்றாக மேலே தெரியும். மூக்கருகே வைத்து மோந்து பாருங்கள். தின்னர் வாசனை கொஞ்சம் வந்தாலும் மாட்டி வைத்துவிடுங்கள். வாசனை அடியோடு போன பிறகு 1000, 2000 வாட்டர் பேப்பர், அதன்பின் ரப்பிங் காம்பவுண்ட்.