கிரிக்கெட் லீக் பாதியில் பிள்ளையை வேறு அணிக்கு மாற்றியவர்கள் உண்டா?

வேளச்சேரி அப்பா:
என் மகனுக்கு 12 வயது, விக்கெட் கீப்பர். பழைய அணியில் அவனைவிட ஒரு வயது மூத்த கீப்பர் இருந்ததால், ஆறு ஆட்டங்களில் ஐந்தில் இவன் தண்ணீர்தான் கொண்டுபோனான். வடகிழக்குப் பருவமழையில் ஆட்டங்கள் தள்ளிப்போன இடைவெளியில், கீப்பர் இல்லாமல் திண்டாடிய வேறொரு அணியில் சேர்த்துவிட்டேன். ஜனவரியில் பழைய அணியோடே மோத வேண்டியிருந்தது. இவன் மட்டையோடு உள்ளே போனதும், ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற அந்த மூத்த பையன், "கால் பக்கம் போடுடா, அவனுக்கு ஆட வராது" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். நான்காவது பந்து காலைச் சுற்றிக்கொண்டு போய் லெக் ஸ்டம்பைத் தட்டியது. பழைய அணியில் இருந்தபோது அந்தக் குறையைப் போக்க, பயிற்சி முடிந்த பிறகும் இவனுக்குப் பந்து எறிந்து கொடுத்தவன் அதே பையன்தான். திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து, "அவன் சொன்னது சரிதாம்ப்பா" என்பதைத் தவிர மகன் வேறொன்றும் பேசவில்லை.

இரு பிள்ளைகளின் தாய்:
உங்கள் மகன் ஆடவாவது செய்தான். பயிற்சியாளர் ஓயாமல் திட்டுகிறார் என்று மகளை நாங்கள் மாற்றினோம். முதல் ஆட்டத்தன்று காலை, ஸ்கோரர் பெயர்ப் பட்டியலில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டி, மறுபடியும் ஓட்டி, "இந்தப் பெயர் வேறு அணியில் பதிவாகியிருக்கிறதே" என்றார். எங்கள் லீக்கில் பதிவான அணிக்கு மட்டுமே அந்த ஆண்டு முழுவதும் ஆட முடியும் என்பதைப் புதிய அணியினர் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வெள்ளை உடையில், காலணிகூடக் கழற்றாமல், மாலை வரை மரத்தடியிலேயே அவள் உட்கார்ந்திருந்தாள்.

முன்னாள் லீக் வீரர்:
என் அனுபவம் சிறியது: நானும் ஒருமுறை பாதியில் மாறினேன், ஆறே வாரத்தில் வருந்தினேன். ஆனால் முதலில் எழுதியவருடன் எனக்கு உடன்பாடில்லை. 12 வயதில் ஐந்து ஆட்டங்கள் வெளியே உட்காருவது புதிதல்ல. மூத்த கீப்பர் அடுத்த ஆண்டு வயது வரம்பைத் தாண்டியதும் இடம் தானாகவே வந்திருக்கும். மாற்றுவதென்றே முடிவெடுத்தால், புதிய அணி எந்தப் பந்தில் ஆடுகிறது என்பதை முதலில் கேளுங்கள். 13 வயதுக்குட்பட்டோருக்கான பந்து 133 முதல் 144 கிராம் வரைதான் இருக்கும், வயதுவந்த ஆண்களின் பந்தோ ஏறத்தாழ 156 முதல் 163 கிராம். திடீரென அதைப் பிடிக்கும் சிறு கீப்பரின் விரல்கள் வீங்கிவிடும். வலைப்பயிற்சியில் எத்தனை பேருக்கு ஒரு பயிற்சியாளர் என்று எண்ணிப் பாருங்கள். வேகப்பந்து வீசும் பிள்ளையாக இருந்தால், பள்ளி அணிக்கும் கிளப்புக்கும் சேர்த்து வாரத்தில் எத்தனை ஓவர் வீசுகிறான் என்பதை நீங்களே குறித்து வையுங்கள், ஏனென்றால் இரண்டு பயிற்சியாளர்களும் தத்தம் கணக்கை மட்டுமே பார்ப்பார்கள். பழைய பயிற்சியாளரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், வாட்ஸப்பில் சொல்லாதீர்கள்.

வேளச்சேரி அப்பா:
ஐயா, பந்தின் எடையை நான் கேட்கவில்லை. இப்போது எல்லா ஆட்டங்களிலும் ஆடுகிறான், மாற்றியதற்காக நான் வருந்தவும் இல்லை. பழைய அணியின் ஜெர்சியைத் திருப்பித் தரச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டேன். துவைத்து மடித்து அலமாரியிலேயே வைத்திருக்கிறான்.