மணல்மேட்டில் எஞ்சின் விசையைக் குறைக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு: வழி கேட்கிறேன்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். அபுதாபியின் லிவா பகுதியில், வேலைத் தளத்துக்குச் செல்வதற்காக ஃபோர் வீல் டிரைவ் டீசல் பிக்கப் ஒன்றை ஓட்டி வருகிறேன். டயர் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, ஹை ரேஞ்சில் (வேகமாக ஓட்டுவதற்கான கியர் நிலை) வேகமெடுத்து மணல்மேட்டில் ஏறும்போது, சக்கரம் சற்றே வழுக்கிச் சுழன்றதும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு (வண்டி சறுக்காமல் காக்கும் ஏற்பாடு) எஞ்சினின் விசையைக் குறைத்து, சுழலும் சக்கரத்துக்கு பிரேக்கும் கொடுப்பதால், வண்டி வேகமிழந்து பாதி ஏற்றத்திலேயே புதைந்துவிடுகிறது. ஈரமான தார்ச்சாலையில் உயிர் காக்கும் ஏற்பாடு இது என்பதில் எனக்கு ஐயமில்லை. மணலில் சக்கரம் ஓரளவு சுழன்றே ஆக வேண்டும் என்பதுதான் சிக்கல்.

இதை அணைப்பதற்கான பொத்தானை ஒரு முறை அழுத்தினால் இழுவைக் கட்டுப்பாடு (சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் பகுதி) மட்டும் அணைகிறது. வண்டியை நிறுத்திவிட்டுச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் அணைந்ததாக விளக்கு காட்டுகிறது. ஆனால் வேகம் கூடியதும் அது தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்குகிறது. லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவிசை கூடும் கியர் நிலை) இந்தத் தொல்லை இல்லையென்றாலும், உயரமான மேடுகளுக்கு அந்த வேகம் போதாது.

சக்கர வேக சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது ஏபிஎஸ்ஸையும் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) முடக்கிவிடும். சக ஊழியர்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் திரும்ப வேண்டிய வண்டியில் அதற்கு நான் உடன்பட மாட்டேன். ஏபிஎஸ்ஸை இழக்காமல், வேகம் கூடினாலும் இதை அணைத்தே வைக்க வழி உண்டா? பின்புற டிஃபரென்ஷியல் லாக்கை (இரு பின்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் பூட்டு) போட்டால் கட்டுப்பாடு முழுவதும் விலகுமா? அனுபவமுள்ளவர்கள் தங்கள் வண்டியின் மாடலையும் ஆண்டையும் குறிப்பிட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும்.