நட்சத்திரங்கள் கூடும் ஒரு மாலையா, ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாசிக்கும் குழுவா?

வெள்ளிமீன்:

1969 ஆகஸ்ட் 30 அன்று லண்டன் குவீன் எலிசபெத் ஹாலில் நடந்த கச்சேரியை வைத்து கிறிஸ்டோபர் நூப்பன் எடுத்த படத்தை நேற்று மறுபடியும் பார்த்தேன். ஷூபர்ட் எழுதிய 'டிரவுட்' குவின்டெட், அதாவது ஐந்து கருவிகளுக்கான படைப்பு. பியானோவில் டேனியல் பாரன்போய்ம், வயலினில் இட்சாக் பெர்ல்மன், வயலினை விடச் சற்றுப் பெரிய வயோலாவில் பின்காஸ் சூகர்மன், செல்லோவில் ஜாக்குலின் டு ப்ரே, டபுள் பாஸில் சுபின் மேத்தா. மேத்தாவைத் தவிர மற்ற நால்வரும் முப்பதைத் தொடாதவர்கள். மேத்தா அப்போதே லாஸ் ஏஞ்சலீஸ் பில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநர். வியன்னாவில் மாணவராக இருந்தபோது கற்ற கருவியை இந்த மாலைக்காகக் கையில் எடுத்திருக்கிறார்.

என் கட்சியைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். ரொமாண்டிக் காலச் சேம்பர் இசைக்கு, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்க எழுதிய இசைக்கு, நிரந்தரக் குழு தேவையில்லை. பெரிய கலைஞர்கள் சிலர், ஒருவரை ஒருவர் விரும்புகிறவர்கள், ஒரு மாலை கூடி உட்கார்ந்தால் போதும். இந்த இசை பிறந்ததே அப்படித்தான். ஷ்டையர் நகரத்தில் சில்வெஸ்டர் பாம்கார்ட்னர் என்ற சுரங்க நிர்வாகி இருந்தார். ஆசைக்காகச் செல்லோ வாசித்தவர். தன் வீட்டில் நண்பர்களோடு வாசிக்க ஒன்று எழுதித் தருமாறு ஷூபர்ட்டிடம் கேட்டார். தனக்குப் பிடித்த, ஷூபர்ட்டின் டிரவுட் மீன் பாட்டும் அதில் வர வேண்டும் என்றார். ஷூபர்ட் 1819இல் எழுதிக்கொடுத்தார். நான்காம் பகுதியின் மாறுபாடுகள் அந்தப் பாட்டின் மேல் கட்டியவை. வீட்டுக் கூடத்துக்காக, நண்பர்களுக்காக எழுதிய இசையை ஏன் நாற்பது ஆண்டு ஒத்திகை பார்க்க வேண்டும்? மேடைக்குப் பின்னால் அந்த ஐவரும் கருவிகளை மாற்றிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பு வாசிப்பிலும் கேட்கிறது.

நான்காம் நாற்காலி:

கடுமையாக மறுக்கிறேன். 'டிரவுட்' நட்புக்கு இடம் தரும் படைப்புதான். அதில் இரண்டாம் வயலின் கிடையாது. அடித்தளத்தை டபுள் பாஸ் எடுத்துக்கொள்வதால் செல்லோ விடுபட்டுப் பாடுகிறது. பியானோ வலக்கையும் இடக்கையும் ஒரே வரியை எட்டு ஸ்வர இடைவெளியில் பளிச்சென்று வாசித்துக்கொண்டு மேலே மிதக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனி வெளிச்சம் உண்டு. நட்சத்திரங்கள் அதில் மின்னுவதில் வியப்பில்லை. அந்த ஒன்றை வைத்து ஒரு நூற்றாண்டு இசைக்கே தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

அதே ஷூபர்ட் 1824இல் என்ன செய்தார்? ஏ மைனர் குவார்ட்டெட்டை (இரண்டு வயலின், வயோலா, செல்லோ என்ற நால்வருக்கானது) எழுதி இக்னாட்ஸ் ஷுப்பான்சிக்குக்கு அர்ப்பணித்தார். பீத்தோவனின் குவார்ட்டெட்டுகளை வாசித்து வாசித்துப் பழகிய குழுவின் தலைவர் அவர். அந்த ஆண்டு மார்ச் 14 அன்று வியன்னாவில் அந்தக் குழுதான் அதை அரங்கேற்றியது. ஷூபர்ட் உயிரோடு இருந்தபோது அச்சான ஒரே குவார்ட்டெட் அது. கட்டணம் கட்டிய ரசிகர்கள் முன் சேர்ந்து வாசிப்பதையே தொழிலாகக் கொண்ட குழு அப்போதே இருந்தது என்பதைக் கவனியுங்கள். அந்த வசதி இருந்ததால்தான் இசையமைப்பாளர்கள் அத்தனை கடினமாக எழுதத் துணிந்தார்கள்.

அமேடியஸ் குவார்ட்டெட்டைப் பாருங்கள். 1948இல் லண்டன் விக்மோர் ஹாலில் அந்தப் பெயரில் முதல் கச்சேரி செய்தார்கள். 1987இல் வயோலாக் கலைஞர் பீட்டர் ஷிட்லோஃப் இறந்தார். வேறொருவரை அமர்த்திக்கொண்டு தொடரலாம் என்று மற்ற மூவரும் நினைக்கவில்லை, குழுவையே கலைத்துவிட்டார்கள். அந்த முடிவில் இந்தக் கலையைப் பற்றிய ஓர் அறிவு இருக்கிறது.

தட்டுப் பெட்டி:

1969 மாலையைப் பற்றி ஒரு தகவல். அந்த ஐவரும் திடீரென்று கூடியவர்கள் அல்லர். பாரன்போய்முக்கும் டு ப்ரேக்கும் 1967இல் திருமணமாகிவிட்டது. அவர்கள் இருவரும் சூகர்மனும் சேர்ந்து மூவர் குழுவாக வாசித்தார்கள். பீத்தோவனின் டிரியோக்களை அந்தக் காலத்தில் பதிந்தும் வைத்தார்கள். வெள்ளிமீன் கேட்டு மகிழ்கிற இணக்கத்துக்குப் பின்னால் பல மாதப் பழக்கம் இருக்கிறது.

வெள்ளிமீன்:

பழக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. சம்பளப் பட்டியல் போட்ட நிரந்தரக் குழு வேண்டாம் என்கிறேன். நட்பும் பழக்கம்தான். 1973இல் டு ப்ரேயின் நோய் இன்னதென்று தெரிந்து, அதன் பிறகு அவர் மேடையை விட்டே விலக நேர்ந்தது. அந்த ஐவர் நாற்பது ஆண்டு காத்திருந்தால் அந்த ஒரு மாலையும் நமக்குக் கிடைத்திருக்காது.

நான்காம் நாற்காலி:

அந்த இழப்பு எனக்கும் வலிக்கிறது. ஆனால் கேள்வி இசையைப் பற்றியது. ஷூபர்ட்டின் சி மேஜர் குவின்டெட்டுக்கு வாருங்கள். 1828இல், சாவுக்குச் சில வாரங்களுக்கு முன் எழுதியது. 1850 வரை பொது மேடை காணவில்லை. அந்த ஆண்டு வியன்னாவில் அதை முதலில் மேடையேற்றியதும் ஒரு குவார்ட்டெட்தான்: ஹெல்மெஸ்பெர்கர் குழு, கூட ஒரு செல்லோ.

அதன் இரண்டாம் பகுதியைக் கேளுங்கள். மெட்டு இரண்டாம் வயலினிலும் வயோலாவிலும் முதல் செல்லோவிலும், அதாவது நடுவில் இருக்கிற மூன்று கருவிகளில், நீண்டு நகர்கிறது. கீழே இரண்டாம் செல்லோ விரலால் நரம்பைச் சுண்டுகிறது. மேலே முதல் வயலின் சின்னச் சின்னச் சொற்களாக ஏதோ சொல்கிறது. நடுவில் இருக்கிற மூவர் ஒரே வேகத்தில் வில்லை இழுக்க வேண்டும். ஒருவர் வில் திரும்பும் இடம் மற்றவர் வில் திரும்பும் இடத்தில் தெரியக் கூடாது. விரல் நடுக்கத்தின் அகலம் மூவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மெட்டு மூன்று துண்டாக உடைந்துவிடும். மாலைக்கு வந்து காலையில் விமானம் ஏறுகிறவர்களுக்கு இது கைவராது. முதல் வயலினில் எத்தனை பெரிய கலைஞர் உட்கார்ந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அங்கே பாட்டு அவரிடம் இல்லை.

வெள்ளிமீன்:

சரியான இடத்துக்கு வந்தீர்கள். அதே குவின்டெட், 1952, பிரான்சின் பிராட் ஊர். பாப்லோ கசால்ஸைச் சுற்றிக் கூடியவர்கள் பதிந்த தட்டு. முதல் வயலின் ஐசக் ஸ்டெர்ன், இரண்டாம் வயலின் அலெக்சாண்டர் ஷ்னைடர், வயோலா மில்டன் காட்டிம்ஸ், செல்லோக்கள் கசால்ஸும் போல் டார்ட்டெலியேவும். நிரந்தரக் குழு இல்லை. விழாவுக்கு வந்தவர்கள். எழுபது ஆண்டுக்கு மேலாகியும் இந்தக் குவின்டெட் என்றதும் ரசிகர்கள் முதலில் எடுக்கும் ஒலிப்பதிவுகளில் அது இருக்கிறது. நீங்கள் சொல்லும் அந்த இரண்டாம் பகுதிக்காகவே எடுக்கிறார்கள். உங்கள் கோட்பாட்டின்படி அது உடைந்திருக்க வேண்டுமே?

வயோலாக்காரர்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வயோலா பெயர் வந்ததால் எழுதுகிறேன். வெள்ளிமீன் கொடுத்த எடுத்துக்காட்டு அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

நடு மூவர் யார் என்று பாருங்கள். ஷ்னைடர் புடாபெஸ்ட் குவார்ட்டெட்டில் 1930களிலும் 40களிலும் இரண்டாம் வயலின் வாசித்தவர். பின்னர் 1955இல் அதே இடத்துக்குத் திரும்பினார். காட்டிம்ஸ் அதே புடாபெஸ்ட் குழுவோடு குவின்டெட்டுகளில் கூடுதல் வயோலாவாகப் பலமுறை உட்கார்ந்தவர். மூன்றாமவர் கசால்ஸ்; பியானோவில் ஆல்ஃபிரட் கோர்ட்டோ, வயலினில் ஜாக் திபோ ஆகியோரோடு 1905இலிருந்து முப்பதுகள் வரை டிரியோ வாசித்த மனிதர். பாட்டு எந்த மூன்று இடங்களில் இருக்கிறதோ, அந்த மூன்றிலும் சேர்ந்து வாசிப்பதில் ஊறியவர்கள். தனிக் கச்சேரி நட்சத்திரமான ஸ்டெர்ன் எங்கே? பாட்டு இல்லாத முதல் வயலினில்.

உள்குரல் வாசிக்கிறவனுக்கு இது உடனே காதில் விழும். நான் வயோலா வாசிக்கும்போது என் வேலையில் பாதி, இரண்டாம் வயலின் எப்போது மூச்சு விடுவார் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது. ரசிகர்கள் அதைக் கவனிப்பதில்லை. கவனிக்காமல் இருப்பதுதான் எங்களுக்கு வெற்றி.

பியானோ மாணவி:

நரம்புக் கருவிக்காரர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ரொமாண்டிக் காலச் சேம்பர் இசையில் பியானோவின் பங்கை எங்கே விட்டீர்கள்? பியானோவும் நரம்புக் கருவிகள் நான்கும் சேரும் ஷூமனின் பியானோ குவின்டெட் 1842. மனைவி கிளாராவுக்கு அர்ப்பணித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு வீட்டில் வாசிக்க ஏற்பாடாகியிருந்தது. கிளாராவுக்கு உடம்பு சரியில்லை. இசையமைப்பாளர் மெண்டல்சன் உட்கார்ந்து, பார்த்த மாத்திரத்தில் பியானோப் பகுதியை வாசித்துவிட்டார். வாசித்ததோடு நிற்கவில்லை, சில இடங்களை மாற்றலாம் என்று யோசனையும் சொன்னார், ஷூமன் அதன்படி திருத்தினார். மறு மாதம், 1843 ஜனவரி 8, லைப்ஸிக் கெவாண்ட்ஹவுஸில் கிளாராவே அரங்கேற்றினார். ஒத்திகையே இல்லாத ஒரு வாசிப்பு அந்தப் படைப்பின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. நிரந்தரக் குழுக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இன்னொன்று. குவார்ட்டெட் தனியாக வாசிக்கும்போது ஸ்வரத்தின் உயரத்தைத் தங்களுக்குள் இழைத்துக்கொள்ளும். மேஜர் மூன்றாம் ஸ்வரத்தை (நம் அந்தர காந்தாரம்) சற்றுக் கீழே வைத்து இனிமையாக்கும். பியானோவின் கட்டைகள் அசையாதவை. ஆண்டுக்கணக்கில் தங்களுக்குள் மட்டுமே இழைந்த நால்வர், பியானோவோடு சேரும்போது அந்தப் பழக்கத்தைக் கைவிட மறுப்பதை மேடையில் அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். தனியாக வாசிக்கும் வயலின் கலைஞர் நாள்தோறும் பியானோவோடு வாழ்கிறவர். அவர் காது இதில் முந்திக்கொள்கிறது.

நான்காம் நாற்காலி:

ஸ்வர உயரம் பற்றி நீங்கள் சொல்வது உண்மை, ஏற்கிறேன். மெண்டல்சன் கதையை ஏற்கமாட்டேன். மெண்டல்சன் பதினாறு வயதில் எட்டுக் கருவிகளுக்கான ஆக்டெட் எழுதியவர். அவரால் முடிந்தது என்பதற்காக மற்றவர்களுக்கும் அது வழியாகிவிடாது. பார்த்த மாத்திரத்தில் வாசித்தது ஒரு வீட்டில். அரங்கேற்றம் ஒரு மாதம் கழித்து, மேடையில்.

தட்டுப் பெட்டி:

நட்சத்திரக் கூட்டங்கள் முறிந்த கதையையும் சொல்ல வேண்டும். வயலினில் யாஷா ஹைஃபெட்ஸ், பியானோவில் ஆர்தர் ரூபின்ஸ்டைன், செல்லோவில் கிரிகோர் பியாட்டிகோர்ஸ்கி, மூவரும் 1949இல் சிகாகோ அருகே ரவீனியா விழாவில் சேர்ந்து வாசித்தார்கள். மில்லியன் டாலர் டிரியோ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. 1950இல் மெண்டல்சனின் டி மைனர் டிரியோவையும் சைகோவ்ஸ்கியின் டிரியோவையும் பதிந்தார்கள். அதோடு முடிந்தது. விளம்பரத்தில் யார் பெயர் முதலில் வருவது என்பதில் ஹைஃபெட்ஸோடு மனத்தாங்கல் இருந்ததை ரூபின்ஸ்டைனே சொல்லியிருக்கிறார். அந்த மெண்டல்சன் தட்டு என்னிடம் இருக்கிறது. மூவரும் எரிகிறார்கள், வயலின் பின்னால் நிற்க வேண்டிய இடங்களில் நிற்கவில்லை. 1927இல் கோர்ட்டோ, திபோ, கசால்ஸ் பதிந்த அதே டிரியோவை அடுத்து வைத்துக் கேட்டேன். அவர்களும் மூன்று நட்சத்திரங்கள்தான், ஆனால் இருபது ஆண்டுக்கு மேல் சேர்ந்து வாசித்தவர்கள். மெதுவான பகுதியில் பியானோ முதலில் தனியாகப் பாடிவிட்டு வயலினிடம் கொடுக்கும் இடத்தில், கோர்ட்டோ விட்ட சொல்லைத் திபோ தொடர்கிறார்.

வெள்ளிமீன்:

நல்ல சான்று. ஆனால் கோர்ட்டோ டிரியோ என் பக்கம்தான். மூவருக்கும் தனிக் கச்சேரிகளே பிழைப்பு, டிரியோவுக்காக இடையில் நேரம் ஒதுக்கினார்கள். மார்ல்போரோ இசை விழாவையும் பாருங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மலைப்பகுதியில் பியானோ கலைஞர் ருடால்ஃப் செர்கினும் வயலின் கலைஞர் அடால்ஃப் புஷ்ஷும் மற்றவர்களும் 1951இல் தொடங்கியது. மூத்த கலைஞர்களும் இளைஞர்களும் கோடையில் வாரக்கணக்கில் கலந்து ஒத்திகை பார்க்கிறார்கள். எது கச்சேரிக்குப் பக்குவமானதோ அதை மட்டும் வார இறுதியில் வாசிக்கிறார்கள். அங்கேயும் நிரந்தரக் குழு கிடையாது. தரத்தில் குறை சொல்ல உங்களுக்கு மனம் வருமா?

வயோலாக்காரர்:

வராது. ஆனால் அது வாரக்கணக்கு ஒத்திகை. உங்கள் முதல் பதிவு ஒரு மாலை போதும் என்றது. அந்த மார்ல்போரோவில் சேர்ந்து வாசித்த நால்வர்தான் 1964இல் குவார்னேரி குவார்ட்டெட் ஆனார்கள். சேர்ந்து வாசித்து ருசி கண்டவர்கள் நிரந்தரமாகச் சேரத்தான் விரும்பினார்கள்.

வெள்ளிமீன்:

அப்படியானால் பிராம்ஸைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? 1890இல் இனி இசை எழுதுவதை நிறுத்திக்கொள்ளலாம் என்ற மனநிலைக்கு வந்துவிட்டார். 1891 மார்ச்சில் மைனிங்கன் அரசவை இசைக்குழுவில் ரிச்சர்ட் மூல்ஃபெல்ட் என்ற கிளாரினெட் கலைஞரைக் கேட்டார். வயலின்காரராக அந்தக் குழுவில் சேர்ந்து, கிளாரினெட்டைத் தானே கற்றுக்கொண்டவர். அந்தக் கோடையில் இஷ்ல் ஊரில் கிளாரினெட் டிரியோவும் குவின்டெட்டும் எழுதி முடித்தார். டிசம்பர் 12 அன்று பெர்லினில் யோவாக்கிம் குவார்ட்டெட்டின் கச்சேரியில் இரண்டும் பொது மேடை ஏறின. யோவாக்கிம், டி ஆனா, விர்ட், ஹவுஸ்மன் என்ற நிரந்தர நால்வருக்கு நடுவே வெளியிலிருந்து வந்த ஒரு மனிதர். அவர் இல்லாமல் அந்தப் படைப்பே இல்லை. ஒரு தனிக் கலைஞர் தந்த உந்துதலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நான்காம் நாற்காலி:

மூல்ஃபெல்டின் பெருமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிராம்ஸ் அவரை எதன் நடுவே உட்கார வைத்தார் என்பதைப் பாருங்கள். குவின்டெட்டின் மெதுவான பகுதியான அடாஜியோவில் நரம்புக் கருவிகள் நான்கிலும் ஒலியை மெல்லியதாக்கும் ம்யூட் போட்டு எழுதியிருக்கிறார். கிளாரினெட் நீண்ட ஸ்வரத்தில் தொடங்க, முதல் வயலின் அதே மெட்டைச் சற்றுத் தள்ளித் தொடர, அடியில் மற்றவர்களின் தாளம் நழுவி நழுவி வருகிறது. நடுப்பகுதியில் கிளாரினெட் ஹங்கேரி நாட்டு ஜிப்சி வாசிப்பைப் போலக் கட்டறுத்து ஓடும்போது நால்வரும் நடுங்கும் வில்லால் கீழே தாங்க வேண்டும். அவர் எங்கே இழுத்தாலும் எங்கே விட்டாலும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சேர்ந்து இறங்க வேண்டும். அத்தனை சுதந்திரத்தை ஒருவருக்குக் கொடுக்க மற்ற நால்வரும் ஒரே உடம்பாக இருக்க வேண்டும். யோவாக்கிம் குழு 1869இலிருந்து இருக்கிறது; ஹவுஸ்மன் அதில் சேர்ந்தே பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

மார்ல்போரோவைச் சொன்னீர்கள். அதே அடால்ஃப் புஷ்ஷின் குவார்ட்டெட் கிளாரினெட் கலைஞர் ரெஜினால்ட் கெல்லோடு 1937இல் பதிந்த இந்தக் குவின்டெட் இருக்கிறது. அடாஜியோவின் நடுப்பகுதியைக் கிளாரினெட்டை விட்டுவிட்டு, கீழே இருக்கிற நால்வரை மட்டும் கவனித்துக் கேளுங்கள். கேட்ட பிறகும் ஒரு மாலை போதும் என்று தோன்றினால் எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்று எழுதுங்கள், அந்த இடத்திலிருந்து பேசுவோம்.