புதுப்பிப்பு: மகளின் பல்வரிசைச் சிகிச்சை

மகளின் முன்பற்கள் துருத்தியிருப்பதற்குக் கம்பி போடுவது அழகுக்காக மட்டும்தானா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு அழைத்துச் சென்று பல்சீரமைப்பு மருத்துவரிடம் காட்டினோம். துருத்திய பற்கள் கீழே விழுந்தால் எளிதில் உடையும் என்பதை விளக்கிய அவர், நெருக்கியடித்து நிற்கும் கீழ்ப்பற்களின் இடுக்கில் பிரஷ் நுழையாமல் காரை படிந்து ஈறு வீங்கியிருப்பதைக் கண்ணாடியில் காட்டியபோதுதான், பல் துலக்கும்போது ரத்தம் கசிந்ததன் காரணம் எங்களுக்கு விளங்கியது.

காரையை நீக்கி, இடத்துக்காக முன்கடைவாய்ப் பற்களை எடுத்த பிறகே கம்பி கட்டினார்கள். கம்பியின் மெல்லிய அழுத்தத்தால் பல்லின் ஒருபுறம் எலும்பு கரைந்து மறுபுறம் புதிதாக வளர்வதால்தான் பல் நகர்கிறது. அழுத்தம் மிகுந்தால் வேர் தேயக்கூடும் என்பதால் 18 முதல் 24 மாதங்கள் வரை பொறுத்திருக்க வேண்டும். கன்னத்தில் கம்பி உரசும் இடத்தில் மெழுகு வைக்கிறோம். முறுக்கும் கடலை மிட்டாயும் இப்போதைக்குக் கிடையாது. கம்பியைக் கழற்றிய பின், பற்களை அதே இடத்தில் நிறுத்தி வைக்கும் ரிடெய்னர் என்ற சாதனத்தை அணியாவிட்டால் பற்கள் மீண்டும் விலகும் என்பதைப் பெற்றோருக்குத் தொடக்கத்திலேயே அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செலவைப் பற்றிக் கேட்டவர்கள், புதுச்சேரியிலுள்ள மகாத்மா காந்தி முதுநிலைப் பல் மருத்துவ நிறுவனத்திலும் விசாரிக்கலாம். அது அரசு நிறுவனம்.