கைமடிப் பெண் பார்த்திருந்தாள், என்னிடம் சொல்லவில்லை

திருப்பூர், தையல் பிரிவு சூப்பர்வைசர்:

ஒன்பது ஆண்டுகள் ஓவர்லாக் (துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கும் மெஷின்) டெய்லராக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில், "இனி இந்த லைன் உன் பொறுப்பு" என்றார் மேனேஜர். முப்பத்திரண்டு பேரை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்தது வேகமாகத் தைப்பது மட்டும்தான். அதனால் எங்கே பீஸ் தேங்கினாலும் ஆளை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்து தைத்தேன். அந்த ஒரு மெஷின் ஓடும். மற்ற மெஷின்களில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் செய்தேன், எழுதவே வருத்தமாக இருக்கிறது. எனக்குத் தையல் கற்றுக்கொடுத்த அக்காவும் அதே லைனில்தான் இருந்தார். பழக்கத்துக்காகச் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, எல்லோர் காதிலும் விழும்படி அவரைத்தான் அதிகம் அதட்டினேன். "கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் "மேடம்" என்று அழைக்கத் தொடங்கினார்.

மூன்றாம் மாதம் 3,000 டி-ஷர்ட் ஆர்டர் வந்தது. கடைசி இன்ஸ்பெக்‌ஷன் 2.5 ஏ.க்யூ.எல்., அதாவது எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு. 3,000 பீஸில் 125 எடுத்துப் பார்ப்பார்கள். குறை 7 வரை இருந்தால் தேறும், 8 ஆகிவிட்டால் மொத்தமும் திரும்பும். எங்களுக்கு 12 வந்தது. எல்லாம் தோள் தையல் ஓரத்தில் பொடிப்பொடி ஓட்டைகள். ஊசி முனை கெட்டுவிட்டால் பனியன் துணியில் நூல் அறுந்து அப்படித்தான் விழும். தையல் விட்டிருந்தால் பிரித்து ஆல்டர் செய்யலாம். ஓட்டையை என்ன செய்வது? இரண்டு இரவுகள் உட்கார்ந்து அத்தனை பீஸையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தோம்.

இரண்டாம் இரவில், ஒடிசாவிலிருந்து வந்திருந்த, டெய்லருக்குக் கைவேலையில் உதவும் கைமடிப் பெண் தயங்கித் தயங்கி ஒரு பீஸை நீட்டினாள். "இது மாதிரி அன்று மத்தியானமே பார்த்தேன்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அதற்கு முந்தின நாள் பண்டிலை (பீஸ் கட்டை) நிறுத்தினேன் என்று திட்டினீர்கள்."

ஊசி மாற்ற இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்க அவளுக்கு என்னிடம் பயம்.

மறுநாள் மேனேஜரிடம், டெய்லரின் கூலியில் பிடிக்க வேண்டாம், தவறு என்னுடையது என்று சொன்னேன். எளிதாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் கூலியைப் பிடிக்கவில்லை. பிறகு ஒவ்வொரு மெஷினிலும் வண்ண அட்டை தொங்கவிட்டோம். செக்கிங் ஆள் சுற்றி வந்து மெஷினுக்கு 7 பீஸ் பார்ப்பார். குறை இல்லையென்றால் பச்சை, ஒன்று இருந்தால் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மெஷின் நிற்கும். இந்த முறை பல கம்பெனிகளில் உண்டு. நான் சேர்த்தது ஒன்றே ஒன்று: கைமடி, ஹெல்பர் யாராக இருந்தாலும் சிவப்பு அட்டையைத் தாங்களே திருப்பலாம், அதற்காக ஒரு சொல்லும் கேட்க மாட்டேன். முதல் வாரம் ஒருவரும் தொடவில்லை. எட்டாம் நாள் அந்தப் பெண்தான் திருப்பினாள். அன்று மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டை எட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லது, பார்த்துவிட்டாய்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

மதுரை, வார்டு பொறுப்பு செவிலியர்:

அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றிப் படித்ததும் கை நடுங்கியது. எங்கள் வார்டில் இன்சுலின் போடும் முன் இரண்டு பேர் அளவைச் சரிபார்க்க வேண்டும். இரவுப் பணியில் கூட்டம் அதிகமானால் இரண்டாவது கையெழுத்து சும்மா விழும். ஒரு புதிய சிஸ்டர் என்னை மறித்து, "மறுபடி பாருங்கள் சிஸ்டர்" என்றார். எரிச்சலோடுதான் பார்த்தேன். சிரிஞ்சில் அளவு கூடுதலாக இருந்தது, ஏற்றியது நான். அடுத்த நாள் பணி மாறும் நேரத்தில், மற்றவர்கள் இருக்கும்போதே அதைச் சொன்னேன். மூத்தவர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதன்பின் டாக்டர் போனில் மருந்து சொன்னால், புதியவர்களும் கூச்சமில்லாமல் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்கிறார்கள். நாம் பொறுப்பில் இருக்கிறோம் என்றால், நம்மை மறிக்கிறவர் நமக்கு வேண்டும்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அக்காவிடம் பேசினீர்களா?

திருப்பூர், தையல் பிரிவு சூப்பர்வைசர்:

பேசினேன். மன்னிப்புக் கேட்க மூன்று வாரம் ஆனது. டீ இடைவேளையில் தனியாகக் கேட்டபோது, "திட்டியது எல்லோர் முன்னால்தானே?" என்றார். அதனால் மறுநாள் காலை லைன் தொடங்கும் முன் எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தார்.

இன்னும் "மேடம்"தான். போன வாரம் அவரே மெஷினை நிறுத்திச் சிவப்பு அட்டையைத் திருப்பினார், லூப்பர் (அடியில் நூலைக் கோக்கும் பாகம்) தட்டியிருந்தது. மெக்கானிக் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.