செஞ்சிக் கோட்டை: எட்டாண்டு முற்றுகையைப் புரிந்துகொள்ள எங்கே பார்க்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். தை மாதம் குடும்பத்துடன் திருவண்ணாமலைக்கு வரும்போது, செஞ்சிக் கோட்டைக்கு ஒரு பகல் முழுவதையும் ஒதுக்க எண்ணியிருக்கிறோம். சிவாஜியின் மகன் ராஜாராமைப் பிடிக்க வந்த முகலாயப் படை 1690 முதல் 1698 வரை இந்த மலைகளைச் சுற்றிக் காத்துக் கிடந்தது என்று படித்ததிலிருந்து, ஒரு கோட்டையால் அத்தனை ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடிக்க முடிந்தது என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் துடிக்கிறான். உடன் வரும் என் தந்தைக்கு மூட்டுவலி இருப்பதால் மலையேற இயலாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டில் எதை ஏறலாம்? தந்தை கீழே எவற்றைப் பார்க்கலாம்?

மறுமொழி 1

ராஜகிரியையே ஏறுங்கள் அம்மா. ஏறத்தாழ 800 அடி உயரம். காலையில் கோட்டை திறந்தவுடன் ஏறத் தொடங்கிவிட்டால் வெயில் ஏறுவதற்குள் உச்சியை அடையலாம். பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ஏற விடுவதில்லை. கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்குகள் விடா. காணும் பொங்கல் அன்று மட்டும் போகாதீர்கள்.

வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயிலைக் கடந்து மேலே செல்லும்போது, உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும் இடத்தில் உங்கள் மகனை நிறுத்திக் காட்டுங்கள். அந்தப் பிளவு சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்டது. இப்போது அதன்மீது சிறு பாலம் இருக்கிறது. அன்று அதைக் கடக்கும் மரப்பாலத்தை எடுத்துவிட்டால், கீழே உள்ள வாயில்கள் அனைத்தையும் பிடித்துவிட்ட படையும் அங்கே வந்து கைகட்டி நிற்க வேண்டியதுதான். உச்சியில் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி ஆகியவை உள்ளன.

மறுமொழி 2

உச்சியைவிட அடிவாரத்தில்தான் உங்கள் மகனின் கேள்விக்கு விடை இருக்கிறது என்பது என் கருத்து. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் இணைத்து ஏறத்தாழ 13 கி.மீ. நீளத்துக்கு மதில் ஓடுகிறது. அவ்வளவு பெரிய வளையத்தை இடைவெளியின்றி அடைத்துக் காவல் நிற்பது எந்தப் படைக்கும் எளிதன்று. உள்ளே கல்யாண மகாலுக்கு அருகில் நிற்கும் நெற்களஞ்சியத்தின் சுவர்களை உங்கள் தந்தை நிதானமாகச் சுற்றிப் பார்க்கட்டும். கல்யாண மகாலுக்குச் சக்கரக்குளத்திலிருந்து சுட்ட மண் குழாய்கள் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். மழைநீரைத் தேக்கும் குளங்களும், மலைமேல் வற்றாத சுனைகளும் இருந்ததால் தாகத்துக்கு அஞ்சிக் கதவைத் திறக்க வேண்டிய நிலை எளிதில் வராது. கால் ஒத்துழைத்தால், சாலைக்கு மறுபக்கம் உள்ள கிருஷ்ணகிரியிலும் களஞ்சியங்களைக் காணலாம்.

மறுமொழி 3

மேலே எழுதிய இருவரும் கல்லையும் தண்ணீரையும் பற்றிச் சொன்னார்கள், அவற்றை மறுக்கவில்லை. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு அவை மட்டுமே காரணம் என்றால், இதே கோட்டை 1750இல் புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையிடம் ஒரே இரவில் விழுந்ததை எப்படி விளக்குவது?

1690இல் முற்றுகை தொடங்கிய பிறகு மதிலுக்கு வெளியே நடந்ததைப் பார்க்க வேண்டும். சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகிய மராட்டியத் தளபதிகள் 1692இன் இறுதியில் வந்து தாக்கி, முகலாயப் பாசறைக்கு உணவு வரும் வழிகளை அடைத்ததால், முற்றுகையிட்டவர்களே பட்டினியில் சிக்கினார்கள். ஔரங்கசீப்பின் மகன் காம்பக்‌ஷ் எதிரியுடன் மறைவாகப் பேசுகிறார் என்று சொல்லி, முகலாயத் தளபதி சுல்பிகர் கான் அவரையே சிறைப்படுத்தினார். பிறகு முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். ஆகவே எட்டு ஆண்டுகள் என்பது இடைவிடாத முற்றுகையன்று. சுல்பிகர் கான் வேண்டுமென்றே காலம் கடத்தினார் என்ற குற்றச்சாட்டு அந்நாளிலேயே எழுந்தது. முதுமையடைந்த ஔரங்கசீப் இறந்தால் தெற்கில் தனக்கென ஒரு நாடு அமையும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம் என்பதை நான் நம்புகிறேன். இறுதியில் 1698இல் கோட்டை விழுந்தபோதும் ராஜாராம் தப்பி வெளியேறிவிட்டிருந்தார்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ராஜகிரியை நாங்கள் காலையிலேயே ஏறுகிறோம். தந்தைக்குத் தேசிங்கு ராஜன் கதைப்பாடலில் பெரும் ஈடுபாடு உண்டு. அவருடன் தொடர்புடைய இடம் ஏதும் கீழேயே இருக்கிறதா?

மறுமொழி 2 எழுதியவர்

செட்டிக்குளத்தின் கரைக்குச் சென்று பாருங்கள். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையுடன் மோதி மாண்ட தேசிங்கை அங்கேதான் எரியூட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்த நவாபின் பெயரால் வழங்கும் பள்ளிவாசலும் வெங்கடரமணர் கோயிலும் கோட்டைக்குள் சமதளத்திலேயே இருப்பதால், மலையேறாமலே பார்க்கலாம். வெங்கடரமணர் கோயிலில் பார்க்க முடியாத சில தூண்களைப் புதுச்சேரிக் கடற்கரையில் பார்க்கலாம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துச் சென்றவை. திரும்பும் வழி திண்டிவனமாக இருந்தால் புதுச்சேரி அதிகத் தொலைவில்லை.