வால்வு மிதப்பா, பிடிவிடலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய சிறு ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சின்கள் உயர்சுற்றில் எவ்வளவு தாங்கும் என்ற உரையாடலில், சிலிண்டருக்குள் வளி போய்வரும் வழியைத் திறந்து மூடும் வால்வு, அதைத் தள்ளித் திறக்கும் கேமின் (சுழலும் தண்டில் உள்ள புடைப்பின்) போக்கைப் பின்பற்றாமல் தனியே எழும்பும் கோளாறுக்கு (valve float) "வால்வு மிதப்பு" என்ற சொல் முன்வைக்கப்பட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. மிதப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நீர். மயக்கத்தில் இருப்பவரையும் மிதப்பில் இருக்கிறார் என்கிறோம். எஞ்சினுக்குள் நடப்பதோ அடிதடி.

கேம் வால்வைத் திறக்க மட்டுமே வல்லது. திறந்துகொண்டிருக்கும் வால்வின் வேகத்தை அடக்கி, கேமோடு ஒட்டியபடியே அதைத் திருப்பிக் கொண்டுவருவது சுருள்வில்லின் வேலை. அதற்குத் தேவைப்படும் விசை சுற்றின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், நிமிடத்துக்கு 6000 சுற்று 7000 ஆகும்போது தேவை ஏறத்தாழ 36 விழுக்காடு கூடுகிறது. வில்லின் வலுவோ அப்படியே இருக்கிறது. வில் தோற்றதும் வால்வு தாமதமாக வந்து, மூடும்போது தான் அமரும் விளிம்பான இருக்கையில் மோதுகிறது, சில வேளைகளில் மேலேறி வரும் பிஸ்டனிலும் இடிக்கிறது.

1958இல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டின் 948 சிசி எஞ்சினில் கேம்தண்டு கீழே இருப்பதால், கேமின் தள்ளலை மேலே கடத்தும் டேப்பெட், தள்ளுதண்டு, ராக்கர் ஆகிய மூன்றோடு வால்வையும் சேர்த்து நான்கின் எடையையும் அந்த வில்லே அடக்க வேண்டும். ஹோண்டா எஸ்600இன் 606 சிசி எஞ்சினிலோ கேம்தண்டுகள் இரண்டும் சிலிண்டர் தலையிலேயே இருப்பதால் தள்ளுதண்டுக்கு வேலையில்லை. அது தன் உச்சத் திறனைத் தருவதே 8500 சுற்றில்தான். கடினமான வில்லைப் போட்டுத் தப்பலாம் என்பது பாதித் தீர்வுதான். அந்த அழுத்தம் முழுவதும் கேமின் மூக்கிலும் டேப்பெட்டின் முகத்திலும் விழுந்து, அங்கே நுண்குழிகள் தோன்றும்.

எனவே "பிடிவிடல்" என்பது என் பரிந்துரை. கேம் வால்வைப் பிடிப்பதில்லையே என்று கேட்கலாம். பிடிப்பது வில், விடுவதும் வில் என்பதால் சொல் பழுதான இடத்தையே சுட்டுகிறது. வினையாகவும் தடையின்றிப் புழங்கும்: "தவறிக் கீழ்க்கியருக்கு இறக்கியதில் சுற்று எகிறி, வால்வு பிடிவிட்டுத் தள்ளுதண்டு வளைந்துவிட்டது." (அப்படி வளைந்த தண்டைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டினால், நடுவில் வெளிச்சம் தோன்றித் தோன்றி மறைவதைக் காணலாம்.) இருக்கையில் மோதிய வால்வு மீண்டும் எழும்புவது வேறு நிகழ்வு; அதற்குத் "துள்ளல்" போதும்.

வால்வுக்கே "ஓரதர்" என்று எழுதலாமே என்றும் கேட்கப்பட்டது. ஒருவழிப் பாதை என்ற பொருள் பம்புக்குப் பொருந்தும். இங்கே திறப்பையும் மூடலையும் முடிவு செய்வது கேம், வளியோட்டத்தின் திசையன்று. ஆகவே வால்வு என்பதையே வைத்துக்கொண்டு, கோளாறு தொடங்கும் சுற்றைப் "பிடிவிடு சுற்று" என்று குறிக்கலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.